மடிப்பு வீட்டுக் காற்று

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எவரும் இல்லை. மடிப்பு என்றால்தான் தெரியும். டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர். அவர் தேய்த்துக் கொடுத்த கால்சட்டையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்று எதிர்ச்சாரிப் பூட்டுக்கடைக்காரர் சொல்வார். கேலியா பாராட்டா என்று மடிப்பு ஆராய்ச்சி பண்ணியதில்லை. பாராட்டு என்று வைத்துக்கொண்டு விட்டார்.

மனைவி போனதிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. துக்கம் வந்தால் சிலர் சுருண்டு படுத்துவிடுவார்கள். இவருக்கு அது காலில் இறங்கிவிட்டது. வீட்டில் உட்கார்ந்தால் கடையில் எதையோ அணைக்காமல் வந்த மாதிரி இருக்கும். கடைக்குப் போனால் வீட்டில் யாரோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போவார்; மாடிக்கு ஏன் வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கீழே பால் பொங்கி வழிந்திருக்கும். இருவர் புழங்கிய வீட்டில் ஒருவர் நடமாடினால் நடக்கிற இடம் அதிகமாகிவிடும் போலிருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் மகள் போன் செய்தாள். அவள் புருஷனை வேலை விஷயமாக ஒரு வருஷத்துக்கு வெகுதூரம் அனுப்புகிறார்கள். அவளும் மறுபடி ஆபீசுக்குப் போகவேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"வந்து இருக்கட்டுமாப்பா?"

"இதைக் கேக்கணுமா? உன் வீடுதானே?"

"என் வீடுதான். ஆனா குட்டிக்கு வீசிங் இருக்கே. தூசி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டார். நம்ம வீடு மெயின் ரோட்டு மேல இருக்கு."

மடிப்பு ஜன்னலைப் பார்த்தார். அவர் வீடு இரண்டாவது மாடி. கீழே பஸ் திரும்பும் முனை. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

"வந்து பாக்குறேன். ஒத்துக்கலைன்னா மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன். அப்போ நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மாமியார் வீடு ஒரு நாள் பிரயாணம். அங்கே போனால் போனதுதான். மடிப்பு போனை வைத்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குச் சுத்தமான காற்று வாங்கப் புறப்பட்டார்.

சாமான் கடையில் காற்று மெஷின்கள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை வெள்ளையாக, ஆஸ்பத்திரிச் சாமான்கள் போல. விற்பனைப் பையன் ஒவ்வொன்றாக விளக்கினான். மாப்பிள்ளை வேறு போனில் ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார். "மாமா, அறை அளவைக் கேளுங்க, ஃபில்டர் எத்தனை மாசம் வரும்னு கேளுங்க, சத்தம் கேளுங்க." மடிப்பு எல்லாவற்றையும் கேட்டார்.

"சத்தம் அதிகமில்ல சார். ஃபேன் மாதிரிதான்."

"எந்த ஃபேன் தம்பி? உங்க கடை ஃபேனா, எங்க வீட்டு ஃபேனா? எங்க வீட்டு ஃபேன் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் எந்திரிச்சு யாருன்னு கேப்பார்."

பையன் சிரித்தான். மடிப்பு சிரிக்கவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் வாயில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அடுத்த மெஷினிலும் அப்படியே. வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து வேறொன்றின் மேல் கையை வைத்தார்.

"சார், குழந்தைக்குன்னு சொல்றீங்க. அப்படின்னா இதை எடுத்துக்குங்க. இதுல தூசி ஃபில்டர் தனி, கரி ஃபில்டர் தனி. தூசியை அது பிடிக்கும். வாடை, ஆவி எல்லாத்தையும் கரி இழுத்துக்கும்."

"வாடையா?"

"வீட்டுல இருக்கிற வாடை சார்."

"என் வீட்ல வாடையா?" மடிப்பின் குரல் உயர்ந்துவிட்டது. "தம்பி, நான் யாருன்னு தெரியுமா? ஊரு உலகத்து வேர்வையையும் கறையையும் நாத்தத்தையும் எடுத்துக் கொடுக்கிறவன் நான். என் வீட்டு வாடையை எடுக்க ஒரு பெட்டி வேணுமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல சார்."

"தூசி. தூசி மட்டும்தான் எனக்கு வேணும். தடிமனா இருக்கிற ஃபில்டர் எது?"

கரி இல்லாத மெஷின் ஒன்று வாங்கினார். அதன் நெற்றியில் தூசியின் அளவை ஓர் எண் காட்டும். பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று. ஆவி, வாடை இருந்தால் சிவப்பாகும், கொஞ்சமாக இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை. "விளக்கு மட்டும் இருக்கு சார், அதைச் சரிபண்ற கரி இதுல கிடையாது" என்று பையன் கடைசியாகவும் ஒரு தடவை சொன்னான். மடிப்பு காதில் வாங்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. தூசி தங்குவது துணியில். துணி என்றால் அது அவருடைய ராஜ்யம். வீட்டில் துணி என்று பெயர் உள்ள அத்தனையையும் கழற்றினார். திரைச்சீலைகள், சோபா உறைகள், மெத்தை உறை, தடித்த போர்வைகள், பேத்திக்கென்று வைத்திருந்த பஞ்சு யானை. கடைக்கு மூட்டையாகத் தூக்கிப் போய், வாடிக்கையாளருக்கு ஒரு தடவை ஓட்டுகிற மெஷினில் இவற்றை இரண்டு தடவை ஓட்டினார். தண்ணீர் படாத, கெமிக்கலில் நனைத்துக் கசக்குகிற, முதல் தரமான டிரை கிளீனிங். இஸ்திரி போடும் அம்மா வாயைப் பிளந்தாள்.

"என்னண்ணே, யானைக்குக்கூட மடிப்பு எடுக்கணுமா?"

"வாலை மட்டும் தேய்."

கோட்டும் கம்பளியும் வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் மடிப்பு ஒரு விரலை உயர்த்திச் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "கவரைப் பிரிச்சு, ஒரு நாள் காத்தாட விட்டுட்டு அப்புறம் உடுத்துங்க." சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிப்போன வாக்கியம். இந்தத் தடவை மகள் மறுநாள் காலையில் வருகிறாள். காத்தாட விட நேரமில்லை. சூடு ஆறாத துணிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினார், விரித்தார், உறை போட்டார். பிறகு தூசி நுழையாதபடி ஜன்னல் இடுக்குகளையெல்லாம் பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பால் அடைத்தார்.

மகள் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். "அப்பா, ஹோட்டல் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க!" அவள் கண் அம்மாவின் கட்டிலில் போய் நின்று, நகர்ந்தது. பேத்தி பஞ்சு யானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, யானை மேல உங்க கடை வாசனை."

"அது சுத்தத்தோட வாசனைடி குட்டி" என்றார் மடிப்பு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மெஷின் ஓடியது. நெற்றி எண் மளமளவென்று இறங்கி, வீடியோவில் மாப்பிள்ளை காட்டிய எண்ணுக்கும் கீழே போய் நின்றது. விளக்கு மட்டும் சிவப்பாகவே எரிந்தது. அணைத்துப் போட்டார். சிவப்பு. அறையை மாற்றினார். சிவப்பு. மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்.

"எண் நல்லா இருக்கா மாமா?"

"பிரமாதமா இருக்கு."

"அப்போ புது மெஷின், விளக்கு செட்டாக நேரமாகும். விட்டுத் தள்ளுங்க."

விட்டுத் தள்ள முடியவில்லை. சிவப்பைப் பார்த்தால் மகள் பயப்படுவாள். பயந்தால் பெட்டியைக் கட்டுவாள். துணிகளில் ஒட்டுகிற கடைத் துண்டுச்சீட்டு ஒன்று சட்டைப் பையில் இருந்தது. எடுத்து விளக்கின் மேல் ஒட்டினார். வீடு நிம்மதியான மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் பேத்தியின் நெஞ்சில் விசில் கேட்டது. முதலில் தூரத்தில் யாரோ ஊதுகிற மாதிரி, பிறகு பக்கத்தில். மகள் நெபுலைசர் மாஸ்க்கைக் குழந்தையின் முகத்தில் பிடித்தாள். மடிப்பு அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஏதாவது செய்யவேண்டுமே என்று மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கதவைச் சாத்தினார். போர்வையைக் குழந்தையின் கழுத்துவரை இழுத்து விட்டார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா கொஞ்ச நேரம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தபோது குழந்தை எழுந்து நாற்காலிகளைத் தள்ளி ரயில் ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். வழியெல்லாம் பாட்டு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி கொஞ்ச நேரம் போனதும் மறுபடி விசில்.

சாயங்காலம் மகள் மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னப்பா, இங்க ஏதோ ஒட்டியிருக்கு?"

"அது... நம்ம கடைச் சீட்டு."

அவள் நகத்தால் கிளறி எடுத்தாள். சிவப்பு அவள் முகத்தில் விழுந்தது.

"மறைச்சு வெச்சீங்களா?"

"அந்த மெஷின் ரெண்டு விதமாப் பேசுதும்மா. எண் நல்லா இருக்குங்குது, விளக்கு கெட்டுப்போச்சுங்குது. புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி. நான் நல்லதைச் சொன்னதை நம்பினேன்."

மகள் சிரிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை, போட்டிருந்தால் தேவலை. "நாளைக்குக் கிளம்புறேன்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். அப்பாவைப் போலவே விளிம்புக்கு விளிம்பு பொருத்தி மடித்தாள்.

காலையில் தன் கடை திறக்கிற நேரத்துக்கு மடிப்பு மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் போனார். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டை போட்டு, வேறு வாங்கி, மகள் புறப்படுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். சாமான் கடை திறந்திருக்கவில்லை. தன் கடைக்கே வந்தார். உட்கார முடியவில்லை. பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அங்கேயே பிளக்கைச் சொருகினார்.

மெஷின் ஒரு கணம் யோசித்தது. பிறகு விளக்கு பளீரென்று சிவந்து, விசிறி இருந்த வேகத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது.

"என்னண்ணே இது, நம்மளப் பாத்துக் கத்துது?" இஸ்திரி அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தினாள்.

"கெட்டுப்போன மெஷின்மா. வெளிய வெச்சுப் பாப்போம். ஒயரை நீட்டு."

இருவருமாக அதை நடைபாதையில் கொண்டு வைத்தார்கள். எதிரே பஸ் ஒன்று கரும்புகை விட்டுக்கொண்டு நின்றது. தூசி எண் கிடுகிடுவென்று ஏறியது. பூட்டுக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். "என்ன மடிப்பு, ரோட்டையே சுத்தம் பண்ணக் கிளம்பிட்டீரா?" மடிப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பிப் போய், காற்று ஒரு சுற்று வீசியது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகிவிட்டது.

வீட்டில் தூசி இல்லை, விளக்கு சிவப்பு. இங்கே தூசி மண்டிக் கிடக்கிறது, விளக்கு பச்சை.

நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தார். அவர் சட்டை முன்பக்கம் மெஷினின் மேல் தாழ்ந்தது. பச்சை மஞ்சளானது. நிமிர்ந்தார், பச்சை. மறுபடி குனிந்தார்; மஞ்சள்.

"அண்ணே" என்றாள் இஸ்திரி அம்மா மெதுவாக, "அது உங்களைச் சொல்லுதுண்ணே."

பூட்டுக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மடிப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் மூக்குக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாக அந்தக் கெமிக்கலில் ஊறிய மூக்கு அது. மீனுக்குத் தண்ணீர் வாசம் தெரியுமா? திரைச்சீலை, போர்வை, மெத்தை உறை, யானை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை அதில் முக்கி, ஆறவிடாமல் கொண்டு போய் மாட்டி, ஜன்னலையும் அடைத்து, குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியாகிவிட்டது. கழுத்துவரை போர்த்தியும் விட்டாகிவிட்டது. ஊருக்கெல்லாம் விரலை உயர்த்திச் சொன்னவர்.

மெஷினை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

வீட்டு வாசலில் பெட்டி தயாராக இருந்தது. குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள் மகள். மடிப்பு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே காலை வைக்கப் பயமாக இருந்தது.

"தூசி இல்லம்மா. ரோடு இல்ல. நான்தான். அந்தத் துணியெல்லாம்... காத்தாட விடாம மாட்டிட்டேன். கெமிக்கல் அப்படியே இருக்கு. என் மேலயும் இருக்கு. உள்ள இருக்காத, குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். அங்கே நின்று குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா உங்க கடைச் சட்டையை வீட்டுக்குள்ள விட்டதே இல்லையேப்பா. வந்ததும் கழட்டச் சொல்லி மாடிக்குக் கொண்டு போயிடுவாங்க."

"அது அவ சுத்தக்காரி..."

"நீங்க கொண்டு வர்ற கம்பளியை ராத்திரி பூரா கொடியில போட்டிருப்பாங்க."

"அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னாங்க. தினம் சொன்னாங்க. நீங்க அதைச் சண்டைன்னு நினைச்சீங்க."

மடிப்பு சுவரில் கையை ஊன்றினார். கீழே பஸ் திரும்பியது, ஜன்னல்கள் அதிர்ந்தன.

"அவளுக்கும் கடைசியில இருமல் இருந்துச்சே" என்றார்.

"அம்மாவுக்கு இதயம்பா. டாக்டர் சொன்னது இதயம்." அவர் கேட்ட வேகத்தைவிடச் சீக்கிரமாக வந்தது பதில். அப்படிச் சீக்கிரமாக வந்ததாலேயே அது அவருக்குள் போய் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது.

மகள் மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற சித்தி வீட்டுக்குக் குழந்தையோடு போனாள். "முதல்ல வீட்டைக் காயப்போடுங்க. அப்புறம் பாக்கலாம்." பாக்கலாம் என்பதைப் பிடித்துக்கொண்டு மடிப்பு வேலையில் இறங்கினார்.

டேப்பைக் கிழித்தார், சுண்ணாம்பு பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. ஜன்னல்களைத் திறந்தார். திரை, போர்வை, உறை எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிக் கொடியில் போட்டார். யானையை இரண்டு காதுக்கும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். மகளின் சித்தி, அவர் மைத்துனி, போனில் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்: "அத்தான், அது என்ன பாவம் பண்ணிச்சு?" வீடு பூராவும் மறுபடி தூசி வந்து படிந்தது. துடைத்தார். படிந்தது. துடைத்தார். வெறும் ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. அதைப் பார்க்க முடியாமல் வேறு அறைக்குப் போனார், அங்கும் வெயில் விழுந்திருந்தது.

சாமான் கடைக்கும் போனார். அதே பையன்தான்.

"கரி ஃபில்டர் இருக்கிறதைக் கொடு தம்பி."

"இப்போ வாடை இருக்கா சார்?" கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டான்.

"இருக்கு. என் மேலதான்."

இந்தத் தடவை மடிப்பு கைக்குட்டையை எடுக்கவில்லை; பையன் சொன்னதையெல்லாம் கேட்டார். கரி நிரம்பிவிட்டால் மாற்றவேண்டும். கரி எல்லா ஆவியையும் பிடித்துவிடாது. ஆவி வருகிற இடத்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஜன்னலைத் தூசி குறைந்த நேரம் பார்த்துத் திறக்கவேண்டும். மெஷின் பாதிதான், மீதி நீங்கள்தான் என்று பையன் முடித்தபோது, மடிப்பு தலையாட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கினார்.

கடையின் பின்பக்கம் ஒரு தடுப்பு கட்டினார். வேலைச் சட்டை அங்கே தங்கும். குளித்துவிட்டு, தண்ணீரில் துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவது. தொழிலையே விட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. விட்டுவிட்டு எங்கே போய் நடப்பது என்று தெரியாததால் அது அப்படியே நின்றது.

பிறகு ஒரு சாயங்காலம் மகள் சொல்லாமல் வந்தாள். மடிப்பு கடையிலிருந்து படியேறி வந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் பேத்தி உட்கார்ந்து, நாற்காலியைக் கவிழ்த்து அதற்குள் யானையைச் சிறை வைத்திருந்தாள்.

"தாத்தா, உள்ள வா!"

குளித்திருந்தார். இருந்தும் வாசலில் நின்று சட்டைக் கையை மோந்து பார்த்தார். அந்த மூக்கை நம்பி என்ன பிரயோஜனம்?

"வாங்கப்பா" என்றாள் மகள். அவள் பக்கத்தில் வந்து, சின்ன வயதில் செய்த மாதிரி அவர் தோளில் முகத்தை வைத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "சோப்பு."

உள்ளே வந்தார். ஜன்னலில் திரை இல்லாததால் பேச்சு லேசாக எதிரொலித்தது. குழந்தை ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். ஒவ்வொரு தடவை அவள் நின்று மூச்சு வாங்கியபோதும் மடிப்பு காதைத் தீட்டிக்கொண்டார். ஓடினால் யாருக்கும் மூச்சு வாங்கும். இது அந்த மூச்சா, இந்த மூச்சா? கிட்டப் போய்க் கேட்கலாமா, தள்ளி நிற்கலாமா? ஜன்னலைச் சாத்தினார். திறந்தார். பாதி சாத்தினார்.

"இன்னைக்குத் தங்குறோம்பா" என்றாள் மகள். "நாளைக்கு எப்படி இருக்கான்னு பாத்துட்டு, நாளைக்கு யோசிக்கலாம். ஒவ்வொரு நாளாத்தான்."

"அது போதும்மா. அது ரொம்பப் போதும்."

"சித்தி வீட்டுல கொஞ்சம் சாமான் இருக்கு. சரியா இருந்தா எடுத்துட்டு வரலாம்."

"நான் போய் எடுத்துட்டு வரட்டுமா, இப்பவே?"

"இப்ப வேணாம்பா. நீங்க முதல்ல உக்காருங்க."

"உக்காந்துட்டுதானேம்மா இருக்கேன்" என்றார் மடிப்பு, குழந்தையின் பின்னாலேயே அடுத்த அறைக்கு நடந்துகொண்டு.